கிணற்று நீருக்குச் சாட்சி யார்?



நீரின் தரத்தை அறிவதற்கு நம் முன்னோர் கையாண்ட முறைகள் மிக எளியவை. கிணறு தோண்டி ஊற்றுக் கண்டதும் முதல் நீரை நாவில் வைத்துப் பார்த்தனர். உவர்த்தால், துணி வெளுக்கவும் மாடு குளிப்பாட்டவும் அதனை ஒதுக்கினர். இனித்தால், 'நல்ல தண்ணீர்க் கிணறு' என்று பெயரிட்டுக் காத்தனர். பருப்பு விரைவில் வெந்து குழைந்தால் நீர் நல்லது என்றனர். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைத்தனர். கண், நா, அடுப்பு ஆகிய இம்மூன்றுமே அவர்களுடைய ஆய்வுக்கூடம். மண்ணும் பாறையும் தருகின்ற உப்பையும் கலங்கலையும் அறிவதற்கு அந்த ஆய்வுக்கூடம் போதியதாகவே இருந்தது.

தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் நிலைமை மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமலும் நாவுக்கு உறைக்காமலும் நீரிலும் சோற்றிலும் சேரக்கூடிய நஞ்சுகள் தோன்றியுள்ளன. அவற்றைக் கண்டறிவது எவ்வாறு? கண்டறிந்தபின் பிறரை நம்பவைப்பது எவ்வாறு? இவ்விரு கேள்விகளையும் பற்றி இன்று பேச விரும்புகிறோம். இவற்றை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற ஊர் ஒன்று கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, சில கல் தொலைவில் உள்ளது.

கொல்லங்கோடு பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே நெல்லியாம்பதி மலை மதிலைப் போல் உயர்ந்து நிற்க, அதன் அடிவாரத்தில் வயல்களும் பனைகளும் சூழ அமைந்த ஊர் அது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை அவ்வூரின் வழியே செல்கிறது. அதன் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல, கேரளம் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் ஓயாத மழையைக் காண இயலாது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி. தோற்றத்தில் அது கோவை மாவட்டத்தின் தொடர்ச்சியைப் போன்றே இருக்கும். உழவர்கள் கால்வாய் நீரையும் கிணற்று நீரையும் நம்பியே நெல்லும் தென்னையும் வளர்க்கின்றனர்.

அப்பகுதியிலே, பெருமாட்டி ஊராட்சியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே அமைந்த சிற்றூர் பிளாச்சிமடை. எரவாளர், மலசர் முதலான பழங்குடியினரும் சிறு உழவர்களும் கூலித் தொழிலாளரும் அங்கு வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சில் தமிழ் இயல்பாகவே கலந்துள்ளது. 2000-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் அவ்வூரில் குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் அமைந்த அத்தொழிற்சாலை ஆழ்குழாய்க் கிணறுகள் வாயிலாக நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் நிலத்தடி நீரை எடுத்துவந்தது. ஊருக்கு வேலைவாய்ப்பு வருகிறது என்று மகிழ்ந்தவர்களும் அந்நாளில் பலர் இருந்தனர்.

அதிக காலம் கழியுமுன்னரே, சுற்றியிருந்த குடியிருப்புக்களின் பெண்கள் குறைகூறத் தொடங்கினர். கிணற்றில் நீர் தாழ்ந்துவிட்டது. இருக்கின்ற நீரும் பால்போல் வெளுத்திருக்கிறது. சோறு வடித்தால் சுவை கெடுகிறது. குளித்தால் உடல் அரிக்கிறது, கண் எரிகிறது என்றனர். அப்பெண்களுள் முன்னின்றவர் மயிலம்மா. எரவாளர் குலத்தைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். 2002 ஏப்ரல் 22-ஆம் நாள் தொழிற்சாலையின் வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு ஊரார் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். பழங்குடித் தலைவி சி. கே. ஜானு அதனைத் தொடங்கிவைத்தார். அப்பந்தல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெண்கள் கூறிய குறைகள் யாவும் கண்ணாலும் நாவாலும் அடுப்பாலும் அறியக்கூடியவை. அவற்றின் காரணத்தை அறிவியல் எளிதில் விளக்கும். நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் மிகும்போது நீர் கடினமாகிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் தங்கும். நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைக்கும்போது, ஆழத்தில் பாறைகளிடையே நெடுங்காலம் தங்கி உப்பேறிய நீர் மேல்நோக்கி வரக்கூடும். ஆலைக்கழிவு நிலத்தில் ஊறி இறங்கினாலும் உப்பு மிகும். 2002-இல் அக்கிணற்று நீரைச் சோதித்த சென்னை ஆய்வுக்கூடம் ஒன்று அதனை மனிதர் பயன்படுத்தத் தகாத நீர் என்றே கூறியது. அடுத்த ஆண்டில் அரசு மருத்துவ அதிகாரிகளும் அது குடிப்பதற்கு ஏற்றதன்று என்றனர். சோற்றுப்பானை முன்னரே கூறிய தீர்ப்பை ஆய்வுக்கூடம் பின்னர் உறுதிசெய்தது எனலாம்.

ஆனால், சோற்றுப்பானையால் அறிய இயலாத மற்றொன்றும் அங்கு இருந்தது. தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சிய சேற்றை உரமென்று கூறி அக்கம்பக்கத்து உழவர்களுக்கு வழங்கிவந்தனர். இலவசமாக வந்த உரத்தை உழவர் பலர் வயலிலும் தென்னந்தோப்பிலும் இட்டனர். 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரிட்டனின் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்று அச்சேற்றின் மாதிரியை எடுத்துச் சென்று எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தது. ஈயமும் காட்மியமும் அதில் இருப்பதாக அச்சோதனை தெரிவித்தது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அடுத்த மாதம் சோதனை நடத்தியது. அதன் மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 201.8 மில்லிகிராம் காட்மியம் காணப்பட்டது. அபாயக் கழிவு என்று கொள்வதற்கான வரம்பு 50 மில்லிகிராம். சேற்றை உழவர்களுக்கு வழங்குவதை நிறுத்துமாறு வாரியம் ஆணையிட்டது. நிறுவனமோ தன் சேறு தீங்கற்றது என்று வாதிட்டது.

காட்மியம் என்பது துத்தநாகத்தோடு சேர்ந்து கிடைக்கும் ஓர் உலோகம். அது கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், உலோகம் மடியாது. ஆவி வெளியேறுவதால் எஞ்சிய நீரில் அதன் விகிதம் சற்றுக் கூடவே செய்யும். காட்மியம் கலந்த மண்ணிலே விளையும் நெல்லும் கீரையும் அதனை வேரின் வழியே உறிஞ்சித் தம்முள் சேர்த்துக்கொள்ளும். செடியின் உள்ளே புகுந்துவிட்டதைக் கழுவியோ வேகவைத்தோ முற்றும் நீக்க இயலாது. மனித உடலில் அது சிறுநீரகத்தில் தங்கும். அங்குத் தங்கியதில் பாதி வெளியேறுவதற்கே பத்து ஆண்டு முதல் முப்பது ஆண்டு வரை ஆகும் என்பர். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அதற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பதே இன்றைய மருத்துவ அறிஞரின் முடிவு. குடிநீரில் ஒரு லிட்டருக்குக் காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேலும், ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது என இந்தியத் தர நிர்ணயம் விதித்துள்ளது. இவ்வளவு நுண்ணிய அளவை எந்த நாவால் அறிய முடியும்?

சோற்றின் வழியே இந்நஞ்சு மக்களைத் தாக்கிய வரலாறு ஜப்பான் நாட்டில் உண்டு. தொயாமா மாவட்டத்தில் ஓடும் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில், கமியோக்கா என்னுமிடத்தில், துத்தநாகச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்றுநீர் வயலில் பாய்ந்து, வயலின் காட்மியம் அரிசியில் சேர்ந்தது. அவ்வரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்கு, முக்கியமாக நடுவயது கடந்த பெண்களுக்கு, எலும்புகள் மெலிந்து சிறு அசைவிலும் முறிந்தன. நோயாளிகள் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அலறிய சொல்லே ஜப்பானிய மொழியில் 'இத்தாய் இத்தாய்' என அந்நோயின் பெயராகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிய அத்துன்பத்துக்குச் சுரங்கக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசு ஒப்புக்கொண்டது 1968-இல்தான். கெட்டுப்போன வயல் மண்ணை மாற்றிச் சீர்செய்யும் வேலை 2012 வரை நடந்தது. பிளாச்சிமடையில் அந்நோய் கண்டது என்று நாம் கூறவில்லை. வயலில் இட்ட உலோகம் எத்துணைக் காலம் அங்கேயே தங்கும், அதனை நிலைநாட்ட எத்துணைக் காலம் ஆகும் என்பதற்காகவே இதனை எடுத்துக்காட்டினோம்.

பிளாச்சிமடையின் வழக்கும் எளிதில் முடியவில்லை. 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி தொழிற்சாலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றத்தின் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் சிறப்பானதொரு தீர்ப்பை வழங்கினார். நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரிய செல்வம். அரசு அதன் காவலன். தன் நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்பதற்காக ஒருவர் அதனை அளவின்றி எடுத்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2004 மார்ச் மாதத்தில் தொழிற்சாலை நின்றது. ஆயினும், 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மாறான கருத்தைக் கூறி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. மயிலம்மா அதன் முடிவைக் காணாமலே 2007 ஜனவரியில் காலமானார்.

பின்னர்க் கேரள அரசு உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. கே. ஜெயகுமார் தலைமையிலான அக்குழு, வேளாண்மை, உடல்நலம், நீர்வளம் முதலியவற்றில் ஊரார் அடைந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீட்டை வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்காமல் அது திரும்பிவந்தது. 2017-இல் நிறுவனம், பிளாச்சிமடையில் மீண்டும் தொழில் தொடங்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆலை போயிற்று, அம்மசோதா வாயிலாக வரவேண்டிய இழப்பீடு வரவில்லை. பிறரால் கெட்ட நீரைக் குடித்த ஏழைகளின் கணக்கு இவ்வாறு தீர்க்கப்படாமலே நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று நம் அனைவருக்கும் பாடமாக அமைவது. நீர் கெட்டது என்று கூறியவுடன், 'இதற்கு முன் நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று எங்கே?' என்று எதிர்த்தரப்பினர் கேட்கின்றனர். ஆழத்து நீர் இயற்கையிலேயே கடினமானது என்பர். மழை குறைந்ததால் உப்பு மிகுந்தது என்பர். உழவரின் உரமே காரணம் என்பர். இவற்றை மறுப்பதற்கு வேண்டுவது, ஆலை வருவதற்கு முன் அக்கிணற்று நீர் எப்படி இருந்தது என்னும் கணக்கு. பொதுவாக நம் ஊர்களில் அக்கணக்கு யாரிடமும் இருப்பதில்லை. நூறாண்டு பழமையான நிலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிக் காக்கும் நாம், அந்நிலத்துக் கிணற்று நீரைப் பற்றி ஒரு துண்டுத் தாளும் வைத்திருப்பதில்லை. பத்திரமில்லாத நிலத்துக்கு வழக்காடுபவன் படும் பாட்டையே கணக்கில்லாத கிணற்றுக்கு வழக்காடுபவனும் படுகிறான்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இச்செய்தி எவ்வகையில் உரியது என்று நேயர்கள் கேட்கலாம். பிழைப்பு நாடிச் செல்வோர் பெரும்பாலும் குடியேறுவது தொழிற்பேட்டைகளின் அருகேதான். அங்கேதான் வேலை கிடைக்கிறது. அங்கேதான் வாடகையும் குறைவு. பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்துள்ளது பல ஆய்வுகளில் தெரியவந்தது. ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகே பிச்ரி என்னும் சிற்றூரில், சாயத் தொழிலுக்கான அமிலம் செய்த ஆலைகளின் கழிவால் கிணறுகள் நிறம் மாறின. மாசு செய்தவரே அதனை நீக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் கூறியது அவ்வழக்கில்தான். அதே ஆண்டில், நம் வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்டதைப் பற்றிய வழக்கிலும் அக்கோட்பாட்டை அந்நீதிமன்றம் வலியுறுத்தியது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் ஓடி, பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய செய்தியைக் கொங்கு நாட்டார் நன்கு அறிவர். இவ்வாறு, நாம் விட்டுவந்த ஊரிலும் வந்து சேர்ந்த ஊரிலும் இத்துன்பம் ஒன்றாகவே இருக்கிறது.

வேற்று மாநிலத்தில் வாழ்பவர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அலுவலகத்தின் மொழி நம் மொழியன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இராது. 'நேற்று வந்தவர்' என்னும் ஏளனமும் சில இடங்களில் கேட்கும். இதனால் குறையை வாய்விட்டுக் கூறத் தயங்கி, காசு கொடுத்துக் குடிநீர் வாங்கிக்கொண்டு பலர் காலம் கழிக்கின்றனர். குடிக்கும் நீரை வாங்கலாம். சமைக்கவும் குளிக்கவும் குழந்தைக்குத் துணி துவைக்கவும் ஆழ்குழாய் நீரைத்தானே நம்புகிறோம்? சந்தையில் வாங்கும் கீரை எந்த நீரில் விளைந்தது என்றும் நாம் கேட்பதில்லை. ஒரே குழாயில் நீர் பிடிக்கும் தமிழரும் கன்னடரும் மராத்தியரும் இவ்விஷயத்தில் ஒரே குடும்பத்தார். எனவே, அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்யத்தக்க சில செயல்களைக் கூறுவோம்.

முதலாவது, நீர் நன்றாக இருக்கும்போதே அதனைச் சோதிப்பது. ஊரகக் குடிநீர்த் திட்டத்தைச் சார்ந்த அரசு ஆய்வுக்கூடங்கள் 2021 முதல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. சிறு கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் சோதிப்பது நன்று. கரைந்த உப்பு, கடினத்தன்மை ஆகியவற்றோடு, அருகில் ஆலை இருப்பின் அதன் தொழிலுக்கேற்ற உலோகங்களையும் பார்க்குமாறு எழுதிக் கேட்க வேண்டும். கேளாவிடில் உலோகச் சோதனை பெரும்பாலும் நடைபெறாது.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் முறை. உலோகச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்தார் தரும் புட்டியையே பயன்படுத்த வேண்டும். வீட்டிலுள்ள பழைய புட்டி தகாது. எடுத்த நாள், நேரம், கிணற்றின் இடம், ஆழம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முடிவுத்தாளின் நகலையும் அதனுடன் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் சேர்கின்ற இக்குறிப்பேடே கிணற்றின் பத்திரம்.

மூன்றாவது, சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்துவது. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் தொழில்களுள் பெரும்பாலானவை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். அவ்விசைவில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன, வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவு யாது என்பவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தியக் குடிமகன் எவரும் கேட்டுப் பெறலாம். அதற்கு அவ்வூர் வாக்காளராக இருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நிறுவப்பட்டுள்ளது.

இவ்வளவையும் செய்தாலும் வெற்றி உறுதியென்று நாம் கூறவில்லை. பிளாச்சிமடையார்க்குச் சான்றுகள் கிடைத்தபின்னும் இழப்பீடு கிடைக்கவில்லை என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால், அவர்கள் தொழிற்சாலையை நிறுத்தினர். நிலத்தடி நீர் எவருக்குரியது என்னும் கேள்வியை நாட்டின் முன்னே வைத்தனர். ஓர் ஊராட்சியும் துணிந்து உரிமத்தை மறுக்க முடியும் என்று காட்டினர். எழுத்தறியாத பெண்கள் தம் சோற்றுப்பானையைச் சான்றாகக் கொண்டு தொடங்கிய செயல் அது. அவர்களுக்கு வாய்க்காத வசதி ஒன்று எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இருக்கிறது. கெடுமுன் சோதிப்பதும், சோதித்ததை எழுதிவைப்பதும் அவ்வசதி. இவ்வாரத்திலேயே உங்கள் தெருவின் கிணற்று நீரை அல்லது குழாய் நீரை ஒரு புட்டியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு நன்றாக வந்தாலும் அத்தாளைக் கிழித்துவிடாதீர்கள். நாளை அந்நீருக்கு அதுவே சாட்சி.